வட சென்னையில் கொடிவழிக் கூட்டம்: ஆறு நாற்காலியில் தொடங்கி நடத்திப் போக ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். ஆயாவின் கல்யாணச் சீரில் வந்த குடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் இருப்பது ஆயாவின் பெயர் இல்லை, ஆயாவைப் பெற்றவளின் பெயரும் இல்லை. அப்பாவைக் கேட்டேன், அத்தைகளைக் கேட்டேன், ஊரில் இருக்கும் பங்காளிகளைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் நாங்கள் பத்துப் பேர் கூடியபோது குடத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது உங்க ஆயாவோட பெரியம்மாப்பா. பெத்தவ சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டா. வளர்த்து, ஆளாக்கி, கட்டிக் குடுத்ததெல்லாம் இவங்கதான்.”

சொந்தம் மறந்துபோனதை எதிர்வீடு வைத்திருந்தது. குடும்ப வரலாற்றைத் தனியாக உட்கார்ந்து தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி, ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர் வீட்டிலும், ஒரே தெருக்குழாயில் குடம் வைத்தவர் நினைவிலும் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த வட சென்னையில் இது இரண்டு மடங்கு உண்மை. அதனால்தான் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, கூட்டமாகச் சேர்ந்து எழுதுவது எப்படி என்று சொல்ல வந்தேன். எங்கள் குழு சின்னது, மாதம் ஒரு முறை கூடுகிறோம். செய்து பார்த்துச் சரிவந்ததை வரிசையாகத் தருகிறேன்.

1. யாரைச் சேர்ப்பது

ஆறு பேர் போதும். அதில் இரண்டு பேராவது எழுபது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும், ஒருவராவது செல்போனில் வேகமாகத் தட்டத் தெரிந்த கல்லூரிப் பிள்ளையாக இருக்கட்டும். தெருவை வைத்தோ, வேலையிடத்தை வைத்தோ ஆரம்பியுங்கள். சாதியை வைத்து ஆரம்பிக்காதீர்கள். சாதிச் சங்கங்களிடம் பட்டியல்கள் இருக்கும், பார்க்கக் கொடுத்தால் நன்றியோடு பாருங்கள். ஆனால் சந்தா கட்டிய ஆண்களின் பெயர்தான் அவற்றில் நிறைந்திருக்கும். வீட்டைத் தாங்கிய பெண்கள், விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போனவர்கள், வேறு மதத்துக்கு மாறியவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். நமக்கு அவர்களும் வேண்டும்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்தவை. 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பெரம்பூர்ப் பணிமனையும் அந்தக் காலத்தில் வந்ததே. பிறகு பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை, இரண்டும் சேர்ந்து ஊர் வாயில் ‘பின்னி மில்’. 1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை. நடுவே 1876–78 பஞ்சத்தில் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கஞ்சிக்காக நடந்து வந்தவர்கள். 1942-ல் ஜப்பான் படைக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள். அறுபதுகளில் அங்கே கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் கப்பலேறித் திரும்பி, வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்கள். கடலோரக் குப்பத்து மக்கள்தான் இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இங்கே இருப்பவர்கள். அவர்களிலும் பலர் ஒரே இடத்தில் இருந்ததில்லை. துறைமுகம் கட்டியபின் அதற்கு வடக்கே கடல் கரையை அரிக்க, குப்பங்கள் உள்ளே உள்ளே தள்ளிப் போயின.

எனவே முதல் கூட்டத்தில் ஒரே கேள்வி போதும்: “உங்க வீட்டுல முதல்ல இங்க வந்தது யாரு, எதுக்கு வந்தாங்க?” சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து நிமிஷம். அன்றைக்குப் படம் வரைய வேண்டாம், தேதி கேட்க வேண்டாம்.

2. நாளும் இடமும்

ஞாயிற்றுக்கிழமை காலை என்று பழக்கத்தில் முடிவு செய்துவிடாதீர்கள். காசிமேட்டில் ஞாயிறு காலைதான் வியாபாரத்தின் உச்சம். மீன் விற்கும் பெண்கள் ஒருவர்கூட வர மாட்டார்கள். அவர்களுக்குப் பிற்பகல் நாலு மணிதான் தோது. விசைப்படகுக்காரர்களோடு நிதானமாகப் பேச வேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்துக்காகக் காத்திருங்கள். படகு கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கை வேலையில் இருக்கும்போது வரும் பேச்சுக்கு ஈடே இல்லை. நோன்பு மாதத்தில் மண்ணடிக்காரர்களை மாலையில் கூப்பிடாதீர்கள்.

இடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மொட்டைமாடி, கோயில் மண்டபம், ஆலய வளாகம், கிளை நூலகத்தின் ஓர் ஓரம், எதுவும் போதும். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். மூட்டுவலிக்காரர் ஏற முடிகிற படியா? பக்கத்தில் கழிப்பறை உண்டா? இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். டீயும் மசால் வடையும் முடிந்தபின் நடக்கும் பேச்சில்தான் நல்ல செய்தி வரும், அதற்கு அரை மணி விட்டுவையுங்கள்.

3. தாளில் எழுதும் முறை

கிளை கிளையாக மரம் வரையும் செயலிகள் நிறைய உண்டு. அவற்றை முதலில் தொடாதீர்கள். நம் வீடுகளின் உறவு அந்தப் படத்துக்குள் அடங்காது. மாமன் மகளைக் கட்டியவர், அக்கா மகளைக் கட்டியவர் எத்தனை பேர்! அக்கா மகளைக் கட்டினால் அந்தப் பெண் ஒரு வரிசையில் மனைவி, கீழ் வரிசையில் அக்கா மகள். படத்தில் அவள் இரண்டு இடத்தில் நிற்பாள், அடுத்த முறை பார்ப்பவர் இரண்டு பெண்கள் என்று எண்ணிவிடுவார். எங்கள் வழி இது: ஆளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு எண். அட்டையில் பெயர், அப்பா எண், அம்மா எண், துணையின் எண், பிறந்த ஊர், யார் சொன்ன தகவல், எந்தத் தேதியில் சொன்னார். கடைசி இரண்டையும் விடவே கூடாது. முரண்பாடு வரும்போது எதை நம்புவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பெயர் எழுதும்போது மூன்று கவனம்.

ஒன்று, பேரன் என்றாலே பெயரன். தாத்தா பெயரைத் தாங்குபவன். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர் என்றால், ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பித் திரும்பி வரும். எண் இல்லாவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இரண்டு, கூப்பிடும் பேர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த வீட்டில், அதே பெயர் வைத்த பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதற்காகவே ‘ராஜா’, ‘தொரை’, ‘சின்னப்பையன்’ என்று இன்னொரு பெயர் வரும். தெருவே அந்தப் பெயரில்தான் அழைக்கும். பதிவேட்டில் அது இருக்கவே இருக்காது. இரண்டையும் எழுதுங்கள்.

மூன்று, இனிஷியல். இன்று ஓரெழுத்து, அப்பா பெயர். முந்தைய தலைமுறையில் இரண்டெழுத்து இருந்தால் முதல் எழுத்து பெரும்பாலும் ஊர். தெலுங்கு பேசும் வீடாக இருந்தால் அது இன்டிபேராக, அதாவது குடும்பப் பெயராக, இருக்கலாம். அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு சொந்த ஊரைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

அம்மா வழியை அப்பா வழி அளவுக்கே நீளமாக எழுதுங்கள். பாட்டன், பூட்டன் என்று ஆண்கள் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள்கூட, பூட்டனின் மனைவி பெயர் கேட்டால் திகைத்து நிற்பார்கள். ஒரு வீட்டின் நினைவிலிருந்து முதலில் அழிவது பெண்ணின் பெயர்தான். எழுத ஆரம்பிக்கும்போது அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

4. பெரியவர்களிடம் கேட்பது

இந்த வேலையின் உயிரே இதுதான். “உங்க குடும்ப வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால், “என்னத்த சொல்றது, கஷ்டப்பட்டோம், வளர்ந்தோம்” என்று முடிந்துவிடும். சடங்கைக் கேளுங்கள். நம் சடங்குகள் ஒவ்வொன்றிலும் ஓர் உறவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சடங்கைக் கேட்டால் உறவு தானாக வந்து நிற்கும்.

“உங்களுக்குக் காது குத்தும்போது யார் மடியில உட்கார வச்சாங்க?” என்று கேட்டால் தாய்மாமன் வருவார். “தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு போட்டது யாரு?” என்றால் கணவனின் அக்காவோ தங்கையோ வருவாள், சொந்த நாத்தனார் இல்லாத வீட்டில் எந்தப் பெரியப்பா மகள் போட்டாள் என்று வரும். “பந்தக்கால் யார் நட்டாங்க?”, “முதல் பிரசவத்துக்கு எந்த வீட்டுக்குப் போனீங்க?”, “வளைகாப்புக்கு முதல் வளையல் போட்டது யாரு?”, “அப்பாவுக்குக் கொள்ளி வச்சது யாரு?” கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள். மகன் இருந்தும் பங்காளி வைத்தார் என்றால் அங்கே ஒரு கதை இருக்கிறது. அன்றைக்கே தோண்டாதீர்கள்.

குலதெய்வம் எந்த ஊரில் என்று கேட்க மறக்க வேண்டாம். சொந்த ஊரில் நிலம் போயிருக்கும், வீடு போயிருக்கும், ஆனால் மொட்டை அடிக்க எங்கே போனார்கள் என்பது நினைவில் இருக்கும். கொடிவழியின் வேர் பல நேரம் அந்தக் கோயில் வாசலில்தான் தட்டுப்படும். ஆடியில் பொங்கல் வைக்க அங்கே கூடும் குடும்பங்களில் பாதி உங்கள் பங்காளிகளாகவே இருப்பார்கள்.

வயதான பெண்களிடம் ஒரு சிக்கல் வரும். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “அதான், பழனியில இருக்காரே, அவரு பேரு” என்பார்கள். ‘முருகனா, தண்டபாணியா, பழனியா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். பக்கத்தில் அவருடைய தோழியை உட்கார வையுங்கள், அவர் பட்டென்று சொல்லிவிடுவார். இருவராகப் பேச வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர், “ஏய், அது பெரியவ கல்யாணம்டி, சின்னவளுக்கு இராயபுரத்துல நடந்தது” என்று திருத்துவார். அந்தத் திருத்தம் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

செல்போனில் பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், சத்தம் முழுக்க அதுதான் இருக்கும். முதல் நிமிஷத்திலேயே யார் பேசுகிறார், எந்தத் தேதி, எந்த இடம் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். அன்றிரவே கோப்புக்குப் பெயர் வையுங்கள். தள்ளிப்போட்டால் ஆறு மாதம் கழித்து நாற்பது பதிவுகளில் எது யாருடையது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

5. காலத்தைக் கணக்கிடுவது

பெரியவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதனால் ஒரு பெரிய அட்டையில் வட சென்னைக்குத் தெரிந்த சம்பவங்களை எழுதிச் சுவரில் மாட்டிவையுங்கள். எம்டன் கப்பல் குண்டு போட்டது, 1914 செப்டம்பர் 22. யுத்தத்துக்குப் பயந்து ஊரைக் காலி செய்தது, 1942 ஏப்ரல். காந்தி மறைவு, 1948 ஜனவரி 30. ரூபாய்க்குப் படி அரிசி, 1967. அண்ணா மறைவு, 1969 பிப்ரவரி 3. எம்.ஜி.ஆர். மறைவு, 1987 டிசம்பர் 24. சுனாமி, 2004 டிசம்பர் 26. ஒருவர், “அண்ணா செத்தப்ப என் பொண்ணு இன்னும் தவழ ஆரம்பிக்கல” என்றார். அப்படியானால் அந்தப் பெண் 1968 ஆடி, ஆவணிக்குப் பிறகு பிறந்தவள். பள்ளிச் சான்றிதழில் 1967 ஜூன் என்றிருந்தது. பேச்சைத்தான் நம்பினோம். அந்தக் காலத்தில் சேர்க்கையின்போது வயது சரியாக வருவதற்காகத் தலைமையாசிரியரே ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது சாதாரணம். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய ஜாதகத்தில் தமிழ் ஆண்டுதான் இருக்கும். அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘தாது வருஷம் ஆடி மாதம்’ என்றால் 1876, 1936, 1996 மூன்றும் சாத்தியம். அந்த ஜாதகத்துக்குரிய பெண்ணின் மகன் எம்டன் குண்டு விழுந்தபோது பத்து வயதுப் பையன் என்று வீட்டில் சொன்னால், வேறு வழியில்லை, 1876 தான். தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவள். அந்த ஒரு வரி தெரிந்ததும் அவளுடைய குடும்பம் ஏன் ஊரைவிட்டு வந்தது என்பதும் விளங்கிவிடுகிறது. ஒன்று கவனியுங்கள். சித்திரையில்தான் தமிழ் ஆண்டு பிறக்கிறது, ஆகவே தாது வருஷத் தை மாதம் 1877 ஜனவரியில் வரும்.

6. பொருள் நாள்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வீட்டிலிருக்கும் பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காகிதம் மட்டும் என்று சொல்லாதீர்கள். பாத்திரம்தான் நம் வீடுகளின் கல்வெட்டு. பெயர் வெட்டிய குடம், தாம்பாளம், எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கலாம். விபூதி தடவித் துடைத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்.

மொய் நோட்டு கிடைத்தால் அன்றைய கூட்டம் அதற்கே போதும். ஒரு வீட்டில் அறுபதுகளின் நோட்டு ஒன்று வந்தது. நீளவாக்கில் தைத்த நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. மெட்ராஸ் பெயர்களுக்கு நடுவே ஒரே கிராமத்துப் பெயர் பதினோரு முறை வந்தது. ‘எங்களுக்கு ஊரே கிடையாது, நாங்க மெட்ராஸ்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்த குடும்பம் அது. பதினோரு பேர் ஒரே ஊரிலிருந்து வந்து இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் எழுதியிருக்கிறார்கள் என்றால் அது யாருடைய ஊர்? அடுத்த மாதமே அங்கே போய் வந்தார்கள்.

மற்றவை: பழைய ரேஷன் கார்டு, ஓய்வூதிய ஆணைப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். பத்திரிகையில் பெயர்கள் வரும் வரிசையைப் பாருங்கள், யார் மூத்தவர் என்பது அதில் தெரியும். யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மூலத்தைக் கூட்டத்திலேயே படமெடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். என் ஆயாவுக்கு இருந்த ஒரே படத்தைப் பெரிதாக்க ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். தொலைத்துவிட்டார்கள். ஆயாவின் முகம் என் பிள்ளைகளுக்கு இனி வாய்வார்த்தைதான். நல்ல வெளிச்சத்தில், சன்னல் ஓரத்தில், செல்போனை நேராகப் பிடித்து எடுத்தாலே போதும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள்.

7. அலுவலகங்களும் பதிவேடுகளும்

இங்கே இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் எழுதும்போது இன்னொருவர் பார்க்க.

பிறப்பு, இறப்புப் பதிவு மாநகராட்சியிடம். பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இருக்காது, ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். ஆகவே அப்பா பெயரையும் தேதியையும் வைத்துத்தான் தேட வேண்டும். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பதிவைத் தேடி நகல் வாங்க வழி தருகிறது, இறப்பின் காரணத்தை மட்டும் தர மாட்டார்கள். எந்த ஊர்ப் பதிவேடு என்பதைச் சரியாகப் பிடியுங்கள். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாதவரமும் 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன, அதற்கு முன் தனி நகராட்சிகள். மாவட்டமும் அப்படித்தான். திருவொற்றியூர் முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-க்குப் பின் திருவள்ளூர், 2018-ல் சென்னை. பாட்டி ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில பெத்தேன்’ என்றால் அது ஸ்டான்லி மருத்துவமனை. தெருப் பெயரிலும் ஏமாறாதீர்கள். எழுபதுகளின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்தார்கள், வீட்டு எண்ணும் பழையது புதியது என்று இரண்டு.

சொத்து இருந்தால் பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975-லிருந்து வில்லங்கச் சான்று பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கிரயப் பத்திரத்தைவிட விடுதலைப் பத்திரத்தைத் தேடுங்கள். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கும், பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989 திருத்தத்துக்கும் பின், இந்துக் குடும்பங்களில் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும்போது அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கும் பெயரில்லாத பெண்கள், கணவர் பெயரோடும் முகவரியோடும் கைநாட்டோடும் அங்கே இருக்கிறார்கள். பங்கை விட்டுக்கொடுத்த காகிதத்தில்தான் பெயர் மிஞ்சியது என்பது படிக்கும்போது நெஞ்சை அடைக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள்.

சொத்தில்லாத வீடுகளுக்கு வாக்காளர் பட்டியல் கைகொடுக்கும். 2025 இறுதியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடாத வீடில்லை. அன்று இறக்கிவைத்த பக்கங்களை அழித்துவிடாதீர்கள். ஒரு தெருவே வரிசையாக, வயதோடு, அப்பா அல்லது கணவர் பெயரோடு இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் குடும்பத் தாளைப் பார்க்கச் சட்டம் இடம் தராது, அதற்காக அலையாதீர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஆலயத்தில் மூன்று ஏடுகள் உண்டு. ஞானப்பெற்றோர், சாட்சிகள் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்களில் பலர் சொந்தக்காரர்களே. துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரைசேர்த்த படகுக்காரர்கள் இராயபுரத்தில் கட்டிய புனித பீட்டர் ஆலயம் 1829-ஐச் சேர்ந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. இரண்டிலும் பெரியவர் ஒருவரை முன்னால் நிறுத்திக் கேளுங்கள், பதிவேட்டை அவர்கள் கையாலேயே புரட்டட்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம் கடைசி. அங்கே அரசாணைகளும் வருவாய் ஆவணங்களும் கிடைக்கும், தாத்தா பெயர் சட்டென்று கிடைக்காது.

8. கல்லறை நடை

காசிமேடு கல்லறைத் தோட்டமோ, 1939-ல் மொழிப்போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மூலக்கொத்தளமோ, எங்கு போனாலும் காலை ஏழு மணிக்குள் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்து தெரியும். தண்ணீர் தெளிக்கலாம். சுண்ணாம்பு தடவாதீர்கள், ஆணியால் சுரண்டாதீர்கள். ஒரே கல்லில் மூன்று நான்கு பெயர் இருந்தால் அது குடும்பக் கல்லறை, பெயர்களைக் கல்லில் உள்ள வரிசையிலேயே எழுதுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று எல்லாக் குடும்பமும் பூவும் மெழுகுவத்தியுமாக வந்திருக்கும். அன்று நோட்டை வெளியே எடுக்காமல், “நாங்களும் இந்தப் பக்கம்தான்” என்று பேச்சுக் கொடுத்துவிட்டு எண் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. வெளியே போகக்கூடாதவை

நான் செய்த தவறைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு வம்சாவளியை அழகாக வரைந்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதில் ஒரு சித்தப்பாவின் முதல் கல்யாணம் இருந்தது. அவர் மகளுக்கு அதுவரை தெரியாது. அவள் என்னோடு மாதக்கணக்கில் பேசவில்லை, பேசாதது நியாயம்தான். அதன்பின் குழுவில் ஒரு விதி வைத்தோம். உயிரோடு இருப்பவரைப் பற்றிய தகவல் அவர் சம்மதமில்லாமல் அட்டையைவிட்டு வெளியே போகாது. இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போன கல்யாணம், தற்கொலை ஆகியவற்றை மூடிய உறையில் வைத்து அட்டையோடு இணைக்கிறோம். உறையை யார் திறக்கலாம் என்று சொன்னவரே மேலே எழுதுகிறார். ஆதார் எண், சொத்து எண், ஜாதக நகல் எதையும் குழுவில் பகிர்வதில்லை.

10. கடல்தாண்டி வரும் கேள்விகள்

நாலைந்து கூட்டம் நடத்திவிட்டால் வெளிநாட்டிலிருந்து கேள்வி வரத் தொடங்கும். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் மொரீஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் இருக்கிறார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ புறப்பட்டது சென்னையிலிருந்துதான், டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா எல்லாம் இருக்கும். அவர்களிடம் எழுத்து இருக்கிறது, நம்மிடம் ஊர் இருக்கிறது. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். செங்கல்பட்டுக்காரர் ஒருவர், வட ஆர்க்காட்டுக்காரர் ஒருவர் இருந்தால் போதும், பாதிப் பெயர்கள் அங்கேயே அவிழும். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு என்று உறுதி சொல்லாதீர்கள். ஊர், தந்தை பெயர், காலம் மூன்றும் பொருந்தட்டும். பணம் வாங்காதீர்கள்.

11. காணும் பொங்கல்

ஆண்டுக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. உறவைப் போய்ப் பார்க்கும் நாள், எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அந்த வருஷம் சேர்ந்த அட்டைகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெரிய தாள் தயார் செய்து, மாடியில் பாய் விரித்து அதன்மேல் பரப்புங்கள். கடல்காற்றுக்கு நாலு மூலையிலும் செங்கல் வேண்டும். திருத்தப் பென்சில் மட்டும், பேனா வேண்டாம். சிவப்புப் பென்சில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அவர்கள் திருத்தியதை யாரும் அழிக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அருகில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். மாலையில் தாளைப் படமெடுத்து, மூன்று நகல் போடுங்கள். ஒன்று அந்த வீட்டுக்கு, ஒன்று குழுவுக்கு, ஒன்று அந்த வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்துப் போன மூத்த பெண்ணுக்கு.

சென்ற காணும் பொங்கலில் எங்கள் தாளில் எதிர்வீட்டுப் பாட்டி சிவப்புப் பென்சிலால் ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னார். குடத்துக்குச் சொந்தக்காரியின் தங்கை. ஏழு வயதில் அம்மை போட்டுப் போனவளாம். அட்டை எழுதியாயிற்று. எண் 112.